ஊருணியிலிருந்து ஏறிவரும் தேரைக் குஞ்சுகள் தார்ச்சாலையில் நசுங்குகின்றன: என்ன செய்யலாம்?

ஊருணிக்கரை | காலை 8.10

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பள்ளத்தூர் பக்கம். ஐப்பசியில் விட்டு விட்டுப் பெய்த மழையில் ஊருணி இந்த வருடம் மேல்படி வரை நிறைந்துவிட்டது. அப்போது ராத்திரி முழுக்கத் தேரைகள் கத்திக்கொண்டே இருந்தன. அதன் பலன் இப்போது தெரிகிறது. கார்த்திகை பாதியிலிருந்து, தூறல் விழுந்த மறுநாள் காலையில் ஊருணியின் மேல்கரையிலிருந்து குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக ஏறி வருகின்றன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவுதான். தூரத்தில் பார்த்தால் தார்ச்சாலையில் சரளை சிதறியது போல இருக்கும். கிட்டே போனால் அத்தனையும் அசையும்.

கரைக்கும் எதிர்ப்பக்கத்துத் தோப்புக்கும் நடுவில் சாலை. அகலம் குறைவுதான், ஆனால் அந்தக் குஞ்சுகளுக்கு அது பெரிய தூரம். இரண்டு தத்து தத்தும், அப்புறம் தொண்டை மட்டும் துடிக்க அப்படியே உட்கார்ந்திருக்கும். திரும்பவும் இரண்டு தத்து. அதற்குள் பால் வண்டி, பள்ளிக்கூட வேன், டவுனுக்குப் போகிற பைக் எல்லாம் வந்துவிடுகின்றன. எட்டரை மணிக்குப் போய்ப் பார்த்தால் சாலை முழுக்கக் கறுப்புப் புள்ளிகள்.

என்னால் பார்த்துக்கொண்டு சும்மா போக முடியவில்லை. வாளியில் அள்ளித் திரும்ப ஊருணியிலேயே விட்டுவிடலாமா? வலை கட்டித் தடுக்கலாமா? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இன்னும் மழை இருக்கிறது என்கிறார்கள், கூட்டமும் இன்னும் வரும் போலிருக்கிறது.


தேவகோட்டை_வாத்தியார் | காலை 9.35

தம்பி, முதலில் ஒன்று. தயவுசெய்து திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் அது குஞ்சுக்கு ஆபத்து.

பெண் தேரை ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஊருணி ஓரத்துப் பாசியிலும் செடியிலும் வழவழவென்று நீளமான சரங்கள் சுற்றிக் கிடக்கும். உள்ளே கறுப்பு மணிகளாகத் தெரிவதுதான் முட்டை. இரண்டொரு நாளில் பொரித்துத் தலைப்பிரட்டை வெளியே வரும். கன்னங்கரேலென்று, கரையோரம் கூட்டமாக மேய்ந்துகொண்டு திரிவது இதுதான். ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும், பாசியைத் தின்று வளர்ந்தபின் கால் முளைத்து, வால் சுருங்கி, செவுள் போய் நுரையீரலுக்கு மாறிவிடும். அதாவது உங்கள் சாலையில் தத்துகிற குஞ்சு இனி மூச்சு விடுவது காற்றில்தான். ஆழமான தண்ணீரில் மறுபடி விட்டால் நீந்திக் களைத்து மூழ்கிப்போகலாம். தப்பித்துக் கரையேறினாலும் அதே சாலையைத்தான் மறுபடி கடக்க வேண்டும். எந்தப் பக்கம் முகம் வைத்துப் போகிறதோ அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவதுதான் முறை.

அடுத்து அதன் தோல். தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈரமண்ணில் வயிற்றை அழுத்தி உட்கார்ந்து, அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீரை விடுகிற அந்தத் தோல் வேறு பலவற்றையும் உள்ளே விட்டுவிடும். சானிடைசர், கொசுவிரட்டி, முகத்துக்குப் பூசுகிற கிரீம், சோப்பு, உப்பு என்று எது கையில் இருந்தாலும் அதற்குக் கேடு. ஆகவே கையை ஊருணித் தண்ணீரில் நன்றாக நனைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த கையும் கூடாது, அந்த அளவுக் குஞ்சின் ஈரத்தை உள்ளங்கைச் சூடே எடுத்துவிடும்.

இவை மழை ஈரம் உள்ள நேரத்தில்தான் கிளம்பும். பெரிய தேரை ராத்திரியில் நடமாடும், குஞ்சுகளோ ஈரம் இருந்தால் பகலிலும் வரும். வெயில் ஏறித் தார் காய்ந்தால் சக்கரம் படாதவைகூடக் காய்ந்து செத்துவிடும். எனவே உங்கள் வேலை நேரம் விடிந்ததிலிருந்து எட்டு, எட்டரை வரை. அப்புறம் தூறல் இருந்தால் சாயங்காலம்.


லோடு_வண்டி | காலை 11.20

நான் இந்தப் பக்கம் டாடா ஏஸ் ஓட்டுகிறவன். புதுவயலிலிருந்து காரைக்குடிக்கு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு தினமும் போகிறேன். யாரையும் குறை சொல்ல எழுதவில்லை, ஒரு பயத்தில்தான் எழுதுகிறேன். விடியற்காலையில், மார்கழிப் பனியில், வளைவு திரும்பியதும் நடுரோட்டில் ஒருவர் குனிந்து உட்கார்ந்திருந்தால் எனக்குப் பிரேக் பிடிக்க நேரம் இருக்காது. மூட்டை ஏற்றிய வண்டி சட்டென்று நிற்காது, அதுவும் ஈரத்தில்.

இன்னொன்று, ஆயிரக்கணக்கில் முட்டை போடுகிறது என்று வாத்தியார் ஐயாவே சொல்கிறார். அப்படியானால் பெரும்பாலானவை எப்படியும் சாகத்தானே போகின்றன? நாலு குஞ்சைக் காப்பாற்றப் போய் ஒரு மனுஷ உயிர் போய்விடக் கூடாது.


தேவகோட்டை_வாத்தியார் | மதியம் 12.05

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, இரண்டுமே.

பெரும்பாலானவை சாகும் என்பது உண்மை. எப்போது சாகின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும். தண்ணீரில் இருக்கும்போதே கெண்டையும் விராலும், தட்டானின் இளம்புழுவும், தண்ணீர்ப்பாம்பும், கொக்கும் பெரும்பகுதியைக் குறைத்துவிடும். சாலைக்கு வந்து நிற்பவை அத்தனைக்கும் தப்பியவை. அந்த மிச்சத்தில்தான் சக்கரம் ஏறுகிறது. பாம்போ கொக்கோ பசித்த அளவுக்குத் தின்னும், சக்கரத்துக்கு அந்த அளவு கிடையாது. ஒரு வருடம் நல்ல மழை, மறு இரண்டு வருடம் ஊருணியில் தண்ணீரே இல்லை என்பதுதான் நம் பக்கத்து நிலவரம். நல்ல வருடத்துக் குஞ்சு பிழைத்தால்தான் வறண்ட வருடங்களைத் தாண்டி அந்த இடத்தில் தேரை இருக்கும்.

மனிதர் உயிர் முதலில் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வளைவில் யாரும் இறங்கக் கூடாது. பிள்ளைகளைச் சாலைக்குள் விடவே கூடாது. பிள்ளைகளுக்குக் கரையில் செய்ய எத்தனையோ வேலை இருக்கிறது.


கல்லல்_தோட்டம் | மதியம் 1.40

தேரையால் என்ன லாபம் என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். என் கத்தரித் தோட்டத்துப் பம்புசெட் தொட்டிக்குக் கீழே ஒரு பெரிய தேரை வருடக்கணக்காகக் குடியிருக்கிறது. பொழுது சாய்ந்ததும் வெளியே வரும். விளக்கடியில் உட்கார்ந்து கறையான், எறும்பு, வண்டு, கரப்பான் என்று எது அசைந்தாலும் நாக்கை நீட்டி எடுத்துவிடும். ஈசல் புறப்படுகிற ராத்திரி அதற்குக் கல்யாண விருந்து. இரை அசைந்தால்தான் அதன் கண்ணுக்குத் தெரியும், அசையாத பூச்சியின் முன்னால் அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

எங்கள் அப்பா காலத்தில் தவளைக் கால் ஏற்றுமதிக்கென்று நாட்டின் பல பகுதிகளில் வயல் தவளைகளைச் சாக்குச் சாக்காகப் பிடித்தார்கள். தவளை குறைந்து பூச்சி பெருகுகிறது என்று கூச்சல் எழுந்து, 1987இல் மத்திய அரசு ஏற்றுமதியையே நிறுத்தியது. அது வயல் தவளையின் கதை, தேரையை யாரும் தின்ன மாட்டார்கள். ஆனால் பூச்சியைக் குறைக்கிற வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஊருணிக்கரை தம்பிக்கு ஒரு யோசனை. எதிர்ப்பக்கம் கொண்டுபோய்ப் பொட்டலில் கொட்டிவிட்டு வராதீர்கள். அங்கே காக்கையும் மைனாவும் காத்திருக்கும். தென்னை மட்டை, சருகுக் குவியல், தேங்காய் மட்டை கிடக்கிற நிழலான இடமாகப் பார்த்து, நாலைந்து இடத்தில் பிரித்து விடுங்கள். அப்படிப்பட்ட இடத்தில்தான் அந்தச் சின்ன வாய்க்கு ஏற்ற சின்ன எறும்பும் பூச்சியும் கிடைக்கும். தோப்புக்காரரிடம் சொல்லி அந்த ஓரத்துச் சருகை மட்டும் தை மாதம் வரை கொளுத்தாமல் வைக்கச் சொல்லுங்கள். பூச்சி மருந்தும் அந்த ஓரத்தில் வேண்டாம்.


கடல்தாண்டி_ஆச்சி | மாலை 4.50

பிறந்தது கண்டனூர், இப்போது இருப்பது இங்கிலாந்தில். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இங்கே நான் தேரைக் காவலுக்குப் போகிறவள்.

இங்கே குளிர் விட ஆரம்பிக்கிற பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெரிய தேரைகள் காட்டிலிருந்து தாங்கள் பிறந்த குளத்துக்கே திரும்பிப் போகும். மழை ராத்திரியில், இருட்டியதும் கிளம்பும். ஊருக்கு ஊர் தொண்டர்கள் டார்ச்சும் வாளியும் எடுத்துக்கொண்டு நின்று, சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தூக்கிவிடுகிறோம். ஃப்ராக்லைஃப் என்கிற தொண்டு நிறுவனம் கடக்கும் இடங்களையெல்லாம் பதிவு செய்து ஒருங்கிணைக்கிறது. சாலையோரத்தில் வைக்கத் தேரைப் படம் போட்ட முக்கோண எச்சரிக்கைப் பலகையே உண்டு. ஹாம்பிள்டன் என்ற ஊரில் 1987இல் சாலைக்கு அடியில் தேரைக்கென்றே சுரங்கவழி போட்டார்கள்.

ஆனால் உங்கள் ஊரில் நடப்பது வேறு. இங்கே முக்கியமாகக் காப்பது தண்ணீருக்குப் போகிற பெரியவற்றை, அங்கே தண்ணீரை விட்டு வருகிற குஞ்சுகளை. அதற்குப் பொருத்தமான உதாரணம் கனடாவில் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் நக்கஸ்ப் ஊருக்குப் பக்கத்தில் சம்மிட் ஏரி. கோடைக் கடைசியில் அந்த ஏரியிலிருந்து குஞ்சுத் தேரைகள் ஏராளமாக வெளியேறி நெடுஞ்சாலையைக் கடந்து காட்டுக்குப் போகும். ஊர் மக்கள் அந்தச் சமயத்தில் ஒரு விழாவே எடுத்து, குடும்பம் குடும்பமாக வந்து வாளியில் எடுத்து மறுபக்கம் விடுகிறார்கள். சாலைக்கு அடியில் வழியும், அதில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலியும் உண்டு. அமெரிக்காவில் பிலடெல்பியாவின் ராக்ஸ்பரோ பகுதியில் இன்னொரு முறை. பழைய நீர்த்தேக்கத்தை ஒட்டிய தெருவை, தேரை நடமாடும் ஈரமான சாயங்காலங்களில் மட்டும் ஓரிரு மணி நேரம் தடுப்பு வைத்து அடைத்து, வண்டிகளைச் சுற்று வழியில் அனுப்புகிறார்கள். முழு நாளும் இல்லை, தினமும் இல்லை. அதனால்தான் அக்கம்பக்கத்தார் ஒத்துக்கொண்டார்கள்.

லோடு வண்டித் தம்பி சொன்ன பயத்தை இங்கே எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். மின்னும் மேல்சட்டை இல்லாமல் யாரும் சாலையில் இறங்கக் கூடாது. வண்டி வருகிறது என்றால் கண்முன்னே ஒரு தேரை உட்கார்ந்திருந்தாலும் விட்டுவிட்டு ஓரம் போய்விட வேண்டும். நம் பக்கத்தில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் முதுகுப் பையின் பின்பக்கம் ஒட்டிக்கொள்கிறார்களே மின்னும் பட்டை, அது போதும். வீட்டில் போன வருடத்தது கிடக்கும், தேடிப் பாருங்கள்.

இன்னொன்று. வேறு ஊர் ஊருணிக்கோ கண்மாய்க்கோ கொண்டுபோய் விடாதீர்கள். தவளை, தேரைகளின் தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோய் உலகம் முழுக்கப் பல இனங்களை அழித்திருக்கிறது. ஈரமான வாளியும் சேறு ஒட்டிய செருப்பும்கூட அதைச் சுமந்து போகும். அந்த ஊருணிக்கு வைத்த வாளி அந்த ஊருணிக்கு மட்டும் இருக்கட்டும்.


ஊருணிக்கரை | மறுநாள் காலை 9.15

எல்லோருக்கும் நன்றி. இன்று விடியற்காலை தூறல் இருந்தது. நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் தங்கச்சியும் போனோம். வளைவுக்கு முன்னால் அண்ணன் மின்னும் பட்டையோடு நின்று கையைக் காட்டி வண்டிகளை மெதுவாக்கினார். நாங்கள் இருவரும் ஓரத்தில்.

குஞ்சை விரலால் பிடிக்க நினைத்தால் நசுங்கிவிடும் போல பயமாக இருக்கிறது. தங்கச்சிதான் வழி கண்டுபிடித்தாள். பிளாஸ்டிக் முறத்தை நனைத்துத் தரையோடு வைத்துவிட்டு, நனைத்த பூந்துடைப்பத்தைப் பின்னால் லேசாக ஆட்டினால் குஞ்சே தத்தி முறத்தில் ஏறிவிடுகிறது. அங்கிருந்து வாளி. வாளிக்குள் ஈரமான பூவரசு இலை போட்டு, மேலே ஈரத்துணி. நிரப்பி வைக்காமல் கொஞ்சம் சேர்ந்ததும் கொண்டுபோய் விட்டுவிட்டோம். பெரிய தேரை ஒன்றும் வந்தது, அதைக் குஞ்சு வாளியில் போடவில்லை, குஞ்சைத் தின்றாலும் தின்றுவிடும்.

இரண்டு விஷயம் கவனித்தேன். கரையில் எல்லா இடத்திலிருந்தும் ஏறவில்லை. மேல்கரையில் செம்புறாங்கல் படி சரிந்து செடி முளைத்த இடத்திலிருந்துதான் முக்கால்வாசி வருகிறது. மற்ற மூன்று பக்கமும் சில வருடம் முன்பு கட்டிய சிமெண்டுச் சுவர். அதன் அடியில் குஞ்சுகள் ஏற முடியாமல் ஒதுங்கிக் கிடக்கின்றன. அடுத்தது, சாலையோரத்துக் கான்கிரீட் வாய்க்கால். அதில் விழுந்தவை மேலே வர முடியாமல் அதற்குள்ளேயே நடந்துகொண்டிருக்கின்றன. பக்கத்தில் ஒரு பழைய குழாய்ப் பாலம் இருக்கிறது, முன்பு வரத்துக்கால் தண்ணீர் அதன் வழியாகத்தான் ஊருணிக்கு வரும். இப்போது குப்பையும் மண்ணும் அடைத்துக் கிடக்கிறது. அதை ஏதாவது செய்ய முடியுமா?


செம்மண் | மறுநாள் காலை 11.00

நான் ஊருணி சீரமைப்பு வேலைகளில் மேற்பார்வையாளராக இருந்தவன். உங்கள் கேள்விக்குப் பதில் அந்தக் குழாய்ப் பாலத்தில்தான் இருக்கிறது. கையால் தூக்குவது இந்த வாரத்துக்குச் சரி. வருடா வருடம் நடக்க வேண்டுமென்றால் குஞ்சு தானாகவே சாலைக்கு அடியில் போக வேண்டும்.

நம் பக்கத்து ஊருணிகளைப் பாருங்கள். வீட்டு ஓட்டுக்கூரை, வளவு, தெரு எல்லாவற்றிலும் விழுகிற மழை வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும்படிதான் ஊரே அமைந்திருக்கிறது. அந்த வாய்க்கால் சாலையைக் கடக்கிற இடத்தில் எல்லாம் அடியில் ஒரு பாலமோ குழாயோ இருக்கும். அது அடைத்துக்கொண்டால் ஊருணிக்குத் தண்ணீர் வரத்தும் போச்சு, குஞ்சுக்கு வழியும் போச்சு. ஆகவே பஞ்சாயத்தில் கேட்கும்போது தேரைக்காக என்று மட்டும் கேட்காதீர்கள். வரத்துக்கால் அடைப்பு எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். அது அவர்கள் எப்படியும் செய்ய வேண்டிய வேலை, மறுப்பு சொல்ல மாட்டார்கள். சாலை ஒன்றியத்துடையதா நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள், குழாய்க்குள் கை வைக்க அவர்கள் சம்மதம் வேண்டும்.

மண் எடுக்கும்போது சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட வேண்டாம். அடியில் இரண்டு விரல் கனம் மண்ணும் சருகும் இருந்தால்தான் ஈரம் நிற்கும், குஞ்சும் நடக்கும். வெறும் சிமெண்டுக் குழாய் காய்ந்து கிடந்தால் உள்ளே நுழையாது. அந்தப் பக்கத்து வாய் வெளிச்சமாகத் தெரிய வேண்டும். தண்ணீர் வேகமாக ஓடுகிற நேரத்தில் அதில் போகாது, மழை விட்டு ஈரம் மட்டும் இருக்கும்போதுதான் போகும்.

அடுத்தது வேலி. தோட்டத்துப் பச்சை வலை வேண்டாம். அந்த அளவுக் குஞ்சு கண்ணிக்குள் நுழையும், இல்லாவிட்டால் சிக்கிக்கொள்ளும். வலையில் பாம்பும் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பழைய ஃப்ளெக்ஸ் பேனர்தான் சரி. கல்யாணம், காதுகுத்து, தேர்தல் என்று ஊர் முழுக்க எத்தனை பேனர் கிடக்கிறது! ஒன்றரை அடி அகலத்துக்கு நீளமாக வெட்டுங்கள். வழவழப்பான பக்கம் ஊருணியைப் பார்க்கட்டும். கீழ் ஓரத்தை நாலு விரல் ஆழம் மண்ணில் புதையுங்கள், சந்து இருந்தால் அத்தனையும் அதன் வழியாகத்தான் போகும். மேல் ஓரத்தை ஊருணிப் பக்கமாக ஒரு சாண் மடித்துவிடுங்கள், ஈரமாக இருந்தால் குஞ்சு நேராகச் சுவரிலும் ஏறும், மடிப்புக்கு அடியில் போய் நின்றுவிடும். முளைக்குச்சி சாலைப் பக்கம் இருக்க வேண்டும். வேலியைச் சாலைக்கு இணையாக நேராகக் கட்டாமல், இரண்டு பக்கமும் குழாயின் வாயை நோக்கிச் சரிந்து வரும்படி கட்டினால் குஞ்சு ஓரமாகவே தத்தி வந்து குழாய்க்குள் போகும்.

வேலியோரம் குழி தோண்டி வாளி புதைக்கிற முறையும் வெளிநாட்டில் உண்டு. நமக்கு அது வேண்டாம். ஒரு காலை யாராவது வந்து பார்க்கத் தவறினால், வெயிலிலும் எறும்பிலும் வாளியில் விழுந்ததெல்லாம் செத்துக் கிடக்கும்.

சிமெண்டுச் சுவருக்கும் வாய்க்காலுக்கும் எளிய வழி, சாய்வு. உடைந்த செம்புறாங்கல்லைச் சுவரோரம் படிபோல அடுக்கி விடுங்கள். இல்லையென்றால் பழைய சணல் சாக்கை மேலே கல் வைத்துத் தொங்கவிடுங்கள், நனைந்த சணலில் நகம் அளவுக் குஞ்சு நன்றாக ஏறும். வாய்க்காலில் பத்துப் பதினைந்து அடிக்கு ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் போதும். பாசியையும் கரையோரச் செடியையும் வெள்ளை வெளேரென்று சுத்தம் செய்வதுதான் சீரமைப்பு என்று நினைக்கிறார்கள். கரையில் ஒரு பக்கமாவது செடியோடும் சரிவோடும் விட்டு வைக்க வேண்டும் என்று நான் வேலை பார்த்த இடங்களிலெல்லாம் சொல்லிவந்திருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.


இரண்டாங்கட்டு | மறுநாள் மதியம் 2.25

ஒரு சந்தேகம். எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் தண்ணீர்க் குடத்தடியில் தேரை வந்து உட்கார்ந்துவிடும். தொட்டால் மரு வரும், மூத்திரம் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்தார்கள். பிள்ளைகள் இந்த வேலைக்குப் போக ஆசைப்படுகிறார்கள், அனுப்பலாமா? வீட்டில் நாய் வேறு இருக்கிறது. அப்புறம், பச்சைக் குழந்தை உள்ள வீட்டில் தேரை இருக்கக் கூடாது, குழந்தை மேல் விழுந்தால் தேறாமல் மெலிந்துவிடும் என்று பெரியவர்கள் அடித்துப் போடச் சொல்கிறார்கள்.


தேவகோட்டை_வாத்தியார் | மறுநாள் மதியம் 3.10

மரு வராது அம்மா. மரு வருவது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வைரஸால். தேரையின் மேல் இருப்பது அதன் தோல் சுரப்பிகள். கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தடித்த மேடு தெரியும், அதில் பால் போன்ற நஞ்சு இருக்கும். கடித்தால் மட்டுமே வெளியே பீய்ச்சும், அல்லது அழுத்திப் பிசைந்தால். தூக்கியதும் அது பயத்தில் விடுகிற நீரில் பெரும்பாலும் தண்ணீர்தான். இருந்தாலும் தொட்ட கையைக் கண்ணிலோ வாயிலோ வைக்கக் கூடாது, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குஞ்சைத் தொடும் முன் வெறும் தண்ணீர், தொட்ட பின் சோப்பு. பிள்ளைகளுக்கு இந்த வரிசையைச் சொல்லிக்கொடுத்துக் கரைவேலைக்கு அனுப்புங்கள்.

நாய் பெரிய தேரையைக் கவ்வினால் வாயில் நுரை தள்ளும், தலையை உதறும். உடனே ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் நன்றாகத் துடைத்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வாயின் பக்கவாட்டில் விட்டுக் கழுவுங்கள். தள்ளாட்டமோ வலிப்போ தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். தேரை கிளம்பும் நாட்களில் இருட்டியபின் நாயைக் கட்டி வையுங்கள், நாய்க்கும் நல்லது, தேரைக்கும் நல்லது.

குழந்தை விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குழந்தை மெலிகிறது என்றால் பால் போதாமை, வயிற்றுப்போக்கு, காசநோய், பூச்சி என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். தேரை விழுந்துவிட்டது என்று மந்திரிக்கப் போய் நாள் கடத்துவதுதான் பெரிய ஆபத்து. அந்தக் குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை போட்டுக் காட்ட வேண்டும். தேரையைச் சாக்கில் தள்ளித் தோட்டத்தில் விட்டுவிட்டால் போதும், அடிக்க வேண்டாம்.


லோடு_வண்டி | மறுநாள் இரவு 8.40

நேற்று எழுதியபின் இன்று காலை அந்த வழியாக வேண்டுமென்றே மெதுவாகப் போனேன். ஒரு அண்ணன் பட்டை மாட்டிக்கொண்டு தூரத்திலேயே கை காட்டினார், நன்றாகத் தெரிந்தது. அப்படி நின்றால் எங்களுக்கும் சிரமம் இல்லை.

ஆச்சி சொன்ன சுற்று வழி இங்கேயும் முடியும். ஊருக்குள் நுழைகிற பழைய வண்டிப்பாதை வழியாகப் போனால் நாலைந்து நிமிடம்தான் கூடும். லோடு ஏற்றிய வண்டி அதில் கஷ்டம், பைக்கும் ஆட்டோவும் தாராளமாகப் போகலாம். எங்கள் டிரைவர் வாட்ஸாப் குழுவில் பால் வண்டிக்காரர், வேன் ஓட்டுகிறவர் எல்லோரும் இருக்கிறார்கள். மழை பெய்த ராத்திரி நீங்கள் ஒரு வரி போட்டால் போதும், காலையில் அந்த இடத்தில் முப்பதுக்குள் போகச் சொல்லி நான் பரப்பிவிடுகிறேன். வேகத்தடை மட்டும் கேட்காதீர்கள், இருட்டில் பைக்காரர்கள் விழுகிறார்கள்.


கடல்தாண்டி_ஆச்சி | மறுநாள் இரவு 9.30

தம்பி, நீங்கள் சொன்ன முப்பது கணக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஜெர்மனியில் தேரை கடக்கும் சாலைகளில் அந்த வேகத்தைத்தான் கேட்கிறார்கள். வண்டி வேகமாகப் போனால் சக்கரம் படாமலே, அடியில் உண்டாகிற காற்றழுத்தத்தில் நடுவில் உட்கார்ந்திருப்பவையும் செத்துவிடும் என்பது அங்கே பேசப்படுகிற காரணம். டிரைவர்களே சொல்லி டிரைவர்கள் கேட்பது எங்களுக்கு இங்கே கிடைக்காத உதவி.

வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பதும் நம் சீமையில்தானே. யாரும் சட்டம் போட்டு வந்த பழக்கம் இல்லை அது.


கல்லல்_தோட்டம் | மூன்றாம் நாள் காலை 6.50

பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்றார்களே, கணக்கு எடுக்கச் சொல்லுங்கள். கரையில் நின்றபடியே, எந்த மரத்திலிருந்து எந்த மரம் வரை என்று ஒரே துண்டை வைத்துக்கொண்டு, உயிரோடு எத்தனை, செத்தது எத்தனை, மழை பெய்ததா, மணி என்ன என்று நோட்டில் எழுதட்டும். வேலி கட்டுவதற்கு முன் ஒரு சில நாள் எழுதினால்தான் கட்டிய பின் பலன் தெரியும். பஞ்சாயத்திலோ ஒன்றியத்திலோ கேட்கும்போது அந்த நோட்டுக்கு மதிப்பு இருக்கும். படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் இனம் பார்த்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

தத்துவதெல்லாம் தேரை இல்லை என்பதையும் சொல்லிக்கொடுங்கள். தேரைக் குஞ்சு கறுத்து, சொரசொரவென்று, குட்டித் தத்தாகப் போகும், பாதி நேரம் நடக்கும். வழவழவென்று கூர்மூக்கோடு ஒரே தாவலில் ஒரு முழம் போனால் அது தவளைக் குஞ்சு. எதுவாக இருந்தாலும் சாலையைக் கடக்க விட வேண்டியதுதான், கணக்கில் தனித்தனியாக எழுதினால் போதும். பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவது மட்டும் கூடவே கூடாது. அந்த அளவுக் குஞ்சுக்கு வேண்டிய இரையை வீட்டில் யாராலும் பிடித்துக் கொடுக்க முடியாது.

சாயங்கால வேலைக்குப் போகிறவர்கள் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். தேரை எங்கே இருக்கிறதோ அங்கே பாம்பும் வரும். தண்ணீர்ப்பாம்பு, சாரை எல்லாம் விஷமில்லாதவை, ஆனால் கட்டுவிரியன் இருட்டில்தான் நடமாடும். டார்ச் இல்லாமல் சருகில் கை விடாதீர்கள்.


ஊருணிக்கரை | மூன்றாம் நாள் மாலை 6.15

பஞ்சாயத்துத் தலைவரைப் பார்த்துவிட்டு வந்தேன். வரத்துக்கால் என்று ஆரம்பித்ததும் அவரே குழாய் அடைப்பைப் பற்றிப் பேசினார். ஒன்றியச் சாலைதான், ஓவர்சியரிடம் சொல்லி வைப்பதாகச் சொன்னார். எங்கள் ஆட்கள் மேலோட்டமாகக் குப்பை எடுப்பதற்கு ஆட்சேபம் இல்லை, குழாய்க்குள் இறங்கக் கூடாது என்றார். சாலையை அடைக்க அனுமதி தர முடியாது, போலீஸ் ஸ்டேஷனில் கேட்க வேண்டுமாம். அது இப்போதைக்கு வேண்டாம். மெதுவாகப் போகச் சொல்லி இரண்டு பக்கமும் தட்டி வைத்துக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டார். பிள்ளையார் நோன்புக்கு வெளியூரிலிருந்து நிறையக் கார் வரும், அதற்குள் தட்டியாவது நின்றுவிட வேண்டும்.

தோப்புக்காரர் சருகை விட்டுவைப்பதாகச் சொல்லிவிட்டார். தங்கச்சியின் பள்ளிக்கூடத்தில் பசுமைப் படைப் பிள்ளைகள் கணக்கெடுக்க வருகிறார்கள், கரையில் மட்டும். சணல் சாக்கு அரிசி ஆலையில் கேட்டிருக்கிறேன். பேனர்தான் இன்னும் வேண்டும். எங்கள் ஊரில் கிடைத்ததெல்லாம் கூரைக்குப் போய்விட்டது. காரைக்குடி, புதுவயல் பக்கம் யாரிடமாவது கிழியாத நீளமான பேனர் இருந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.


லோடு_வண்டி | மூன்றாம் நாள் இரவு 7.05

வர வேண்டாம். மூட்டையை மூடுவதற்கு வாங்கிவைத்த பேனர் என்னிடம் மூன்று இருக்கிறது, எல்லாம் இருபதடிக்கு மேல். சனிக்கிழமை காலை வெறும் வண்டியாகத்தான் வருகிறேன், ஊருணிக்கரையிலேயே இறக்கிவிடுகிறேன். முளைக்குச்சிக்குச் சவுக்குக் கம்பும் கொஞ்சம் கிடைக்கும். எத்தனை வேண்டும், எவ்வளவு நீளம் என்று செம்மண் அண்ணன் சொன்னால் வெட்டியே கொண்டுவருகிறேன்.


செம்மண் | மூன்றாம் நாள் இரவு 7.40

இரண்டடிக் கம்பு, ஐந்தடிக்கு ஒன்று கணக்கு. பேனரை வெட்ட வேண்டாம், இடத்தைப் பார்த்து வெட்டிக்கொள்வோம். சனிக்கிழமை நானும் வருகிறேன், மண்வெட்டி என்னிடம் இருக்கிறது.